நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் முதலாளிக்கு எச்சில் இல்லாமல் தாள் புரளாது. வலது கட்டைவிரலை நாக்கில் ஒரு இழுப்பு, தாளில் ஒரு தள்ளு, மறுபடியும் நாக்கு. இருநூறு பக்க நோட்டு என்றால் இருநூறு நக்கல். அந்த ஈரம் காயாமல்தான் நாங்கள் அதை வாங்கி மெஷின் கண்ணாடிமேல் கவிழ்க்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்து இந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் என் சொந்த அக்காவிடம் சொன்னேன்.

"பேப்பரப் பாக்காத. ஓரத்த மட்டும் பாரு" என்றாள்.

"ஓரத்துலதான்க்கா எச்சில் இருக்கு."

"அப்ப கண்ண மூடிக்க. கை தானா செய்யும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருடமாக அக்கா அப்படித்தான் வேலை செய்தாள். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். ஓரம் நேராக இருக்கிறதா, கீழே பக்க எண் வரிசையாக வருகிறதா, அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு நோட்டு முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்து, துளை போட்டு, ஸ்பைரல் சுற்றி மேசையில் வைத்துவிடுவாள். "மத்தவங்க எழுதினத உத்துப் பாக்கறது கெட்ட பழக்கம்" என்பாள். உற்றுப் பார்ப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

கடை மருத்துவக் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே. அகலம் இவ்வளவுதான் என்று இரண்டு கையையும் விரித்தால் சுவர் தட்டும். உள்ளே போனவர் திரும்ப முடியாது, பின்னாலேயே நடந்து வெளியே வர வேண்டும். இரண்டு மெஷின், ஒரு வெட்டுக்கத்தி, டோனர் வாடை. சுவர் அலமாரியில் நம்பர் போட்ட நோட்டுகள். எப்போதோ படித்துவிட்டுப் போன மாணவர்கள் எழுதியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை முதலாளி மாஸ்டர் என்று வைத்துக்கொள்வார். புது மாணவர்கள் வந்து "ஒன்பது ஒண்ணு, பதினேழு ரெண்டு" என்று நம்பர் சொன்னால் போதும். மாஸ்டர் நைந்துபோனால் அதையே ஒரு பிரதி எடுத்துப் புது மாஸ்டர் ஆக்குவோம். பிரதியின் பிரதி, அதற்கும் பிரதி. எழுத்து தாங்கும். படங்கள் தாங்காது, வருடா வருடம் கறுத்துக்கொண்டே போகும்.

அக்காவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது பதினான்கு வயதில். எனக்கு மாதவிலக்கு வந்தபோது, உனக்கு எந்த வயசுலக்கா வந்துச்சு என்று கேட்டுவிட்டேன். அதுவரை அவளுக்கும் வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ஏனென்றால் மாதாமாதம் அம்மா ஒரு கட்டு பஞ்சுத்துணி வாங்கி வருவாள். அதில் சிவப்பு மையைத் தெளித்து, காகிதத்தில் அரைகுறையாகச் சுற்றி, பொதுக் குப்பைத்தொட்டியில் மேலாகத் தெரியும்படி போடுவாள். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா குப்பையைக்கூட எண்ணுகிற ஆள். அவர் பார்ப்பதற்காக ஐந்து வருடம் எங்கள் வீட்டில் இந்த நாடகம் நடந்தது. நான் அந்த மைப்புட்டியைக் கழுவியிருக்கிறேன். அம்மா வேலை செய்யும் தையல் ஆலைக்கு வேண்டியது என்று நினைத்துக் கழுவினேன். இப்போது நினைத்தாலும் விரல் கூசுகிறது.

"எனக்கு வராதுடி" என்றாள் அக்கா. "பொறக்கும்போதே கர்ப்பப்பை இல்ல. உள்ள இருந்தது வேற. ஒம்பது வயசுல அத எடுத்துட்டாங்க. என்னன்னு எனக்குச் சொல்லல. அம்மாகிட்ட கட்டின்னு சொன்னாங்க, அம்மா ஊர்கிட்ட கட்டின்னு சொன்னா. அவ்ளோதான்."

"அப்ப நீ..."

"இடைப்பாலினம்னு பேரு. நானே தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன். என்ன மாதிரி நெறைய பேர் இருக்காங்க. வாயத் தெறந்து சொல்றதில்ல."

"நீ பொண்ணுதானேக்கா?"

"பின்ன? என் துணி பூரா நீதான போட்டுக் கிழிக்கற? சந்தேகம் இருந்தா திருப்பிக் குடு."

இருவரும் சிரித்துவிட்டோம். எலும்பு உளுத்துப்போகாமல் இருக்க அவள் தினமும் விழுங்கும் மாத்திரையை அன்று முதல் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

மற்றதையெல்லாம் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். அதே மருத்துவக் கல்லூரிதான். திரை போட்ட அறை, சில்லிட்ட மேசை. எட்டு முறை போனாளாம். எட்டு முறையும் பெரிய டாக்டரோடு பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். அவர் பேனாவால் சுட்டிக்காட்டுவார். அபூர்வமான கேஸ், நல்லாப் பாத்துக்கங்க என்பார். ஒருவன் வாயில் மிட்டாயை உருட்டிக்கொண்டே குனிந்து பார்த்தானாம். அந்த ஆரஞ்சு மிட்டாய் வாசனை எங்கே வந்தாலும் அக்கா எழுந்து போய்விடுவாள். ஒருநாள் அளவுகோல் வரைந்த சுவர் முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். வைத்தியத்துக்கு என்றார்கள்.

அந்தப் படம் எங்கே போனது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

போன பரீட்சைக் காலத்தில் ஒரு காலை. நாங்கள் குட்டி டாக்டர் என்று கூப்பிடும் இரண்டாம் வருட மாணவன் ஒருவன் வந்தான்.

"அக்கா, பதினேழாம் நம்பர்ல நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வெறும் கறுப்பா இருக்கு. படம்னு போட்டிருக்கு, ஒண்ணுமே தெரியல. எங்க வகுப்புல அறுபது பேருக்கும் வேணும். டிபார்ட்மெண்ட் ஆல்பத்துல இருந்து ஒரிஜினலயே எடுத்துட்டு வந்திருக்கேன். மதியத்துக்குள்ள திருப்பி வெக்கணும், இல்லன்னா என் தோல உரிச்சிடுவாங்க."

முதலாளி உறையை வாங்கினார். நாக்கில் விரலை இழுத்தார். படத்தை வெளியே எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆணா பொண்ணான்னு கடவுளுக்கே கொழப்பமாயிருச்சு போல" என்று சிரித்தார். அக்காவிடம் நீட்டினார். "தெளிவா வருதான்னு பாத்து எடு."

அக்கா பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஓரத்தை விட்டுவிட்டு நடுவே பார்த்தாள்.

அந்தப் படத்தில் என்ன தெரிந்தது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நானும் ஒரு பிரதி எடுத்ததாக ஆகும். தெரியாதவற்றை வேண்டுமானால் சொல்கிறேன். கண்கள் தெரியவில்லை. அவற்றின்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆளும் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் படத்துக்குள் வந்திருந்தது. பின்னலின் நுனியில் பச்சைத் துணியில் முடிச்சு. அம்மா ஆலைத் துண்டுகளில் தைத்துத் தருவாளே, அதே முடிச்சு. அந்தக் கையின் சுண்டுவிரல் கொக்கிபோல் உள்ளே வளைந்திருந்தது. பொத்தான் தைக்கும் மெஷினில் மாட்டி முறிந்து, கோணலாகவே கூடிப்போன விரல். அந்த விரலால் எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். படம் எடுத்தபோது நான் கைக்குழந்தை. அம்மாவின் இன்னொரு கையில், படத்துக்கு வெளியே, நான்தான் இருந்திருப்பேன்.

படத்தின் ஓரத்தில் முதலாளியின் கட்டைவிரல் ஈரம் பளபளத்தது.

அக்கா மெஷின் மூடியைச் சாத்தினாள். "மெஷின் சூடாயிடுச்சு. மதியம் வா" என்று மாணவனை அனுப்பினாள். பிறகு அலமாரியிலிருந்து பதினேழாம் நம்பரை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள். நான்கு மூலையும் கறுப்பு. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்.

"வருஷத்துக்கு அறுபது" என்றாள் மெதுவாக. "ஆறு வருஷம். என் கையாலயேடி. நானே போட்டு, நானே துளை போட்டு, பத்திரமாப் போகட்டும்னு கவர்ல வெச்சுக் குடுத்திருக்கேன்."

நான் கடைக்குப் பின்னால் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தேன். வந்தபோது அக்கா முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் வேணாம்ண்ணே. எடுத்துடலாம்."

"ஒரு பக்கம் கொறஞ்சா எதிர்க் கடைக்குப் போயிடுவானுங்கம்மா. பரீட்சைல அதுதான் வருதாம். உனக்கென்ன வந்துச்சு, அசிங்கமா இருக்கா? கண்ண மூடிட்டுப் போடு. நீதான் பாக்காமப் போடுவியே."

அக்கா படத்தை உறையில் போட்டாள். கையிலிருந்த டோனர் தூளைத் துடைத்தாள். சாலையைக் கடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மதியத்துக்குள் அந்தப் படம் அவளுடையதாக வேண்டும். இல்லாவிட்டால் அறுபது பேர் கையில், இந்தத் தடவை பளிச்சென்று.

பெரிய டாக்டருக்கு இப்போது தலை முழுக்க நரை. அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இது நான். எனக்குத் திருப்பிக் குடுங்க" என்றாள் அக்கா.

அவர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பார்வை முகத்தில் நிற்காமல் கீழே இறங்கி, பிறகு மேலே வந்தது.

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"கடைக்கு வந்துச்சு. வர்றதெல்லாம் எங்க கடைக்குத்தான் வரும்."

"இது நீங்கதான்னு எப்படிம்மா சொல்றீங்க? யாருன்னு தெரியக் கூடாதுன்னுதானே கண்ண மறச்சிருக்கோம்? உங்க பாதுகாப்புக்குத்தான்."

"எனக்குத் தெரியுதே."

"அது போதாதே. ஃபைல் இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். பழைய ஃபைல் எல்லாம் அழிச்சாச்சு."

"ஃபைல அழிச்சிட்டு, படத்த மட்டும் வெச்சிருக்கீங்களா?" என்றேன் நான். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் அக்காவிடம். "ஒரு சின்னப் பரிசோதனை. ஆபரேஷன் தழும்பப் பாத்தா உறுதி பண்ணிடலாம். அஞ்சு நிமிஷம். நீங்க சம்மதிச்சா ரெண்டு மூணு பசங்க கூட இருக்கட்டும். வளந்த பிறகு எப்படி இருக்குன்னு அவங்களுக்கும் ஒரு பாடம்."

சொல்லிக்கொண்டே கைகழுவும் திரவத்தை உள்ளங்கையில் பிழிந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பழக்கம்தான். சம்மதம் கிடைப்பதற்கு முன்னாலேயே கை தயாராகிவிட்டது.

அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை. படம் தன்னுடையது என்று நிரூபிக்க மறுபடியும் அதே மேசையில் ஏற வேண்டும். சிரிப்பு நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவக் கூப்பிடு."

ஆலையில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. அம்மா உடனே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரமாட்டேன்" என்றாள். "அது முடிஞ்சு போனது. ஊர் பூரா தெரிஞ்சா உன் கதி என்ன? எவன் உன்னக் கட்டுவான்? பேசாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

"அம்மா, படத்துல உன் கை இருக்கு."

"எந்தக் கை?"

"வலது கை. சுண்டுவிரல் நல்லாத் தெரியுது."

போன் அணைந்துவிட்டது. அரை மணி நேரம் போனது. பெரிய டாக்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். படத்தை மேசையின் அவர் பக்கத்துக்கு நகர்த்திவைத்தார். அக்கா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இனி அம்மா வரமாட்டாள் என்று நான் முடிவுகட்டியபோது அவள் வந்தாள். தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. மூச்சு வாங்கியது. அக்கா பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக மேசைக்குப் போய், வலது கையைப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

படத்தில் ஒரு விரல், மேசையில் ஒரு விரல். இரண்டும் ஒரே கோணல்.

"இது என் கை" என்றாள். "கட்டின்னு சொன்னீங்க. படம் வைத்தியத்துக்குன்னு சொன்னீங்க. கொழந்த ஆடுது, கெட்டியாப் புடிங்கம்மான்னு நீங்கதான் சொன்னீங்க. புடிச்சேன். படத்துல என் கைய வெட்டாம விட்டுட்டு, அவ கண்ண மட்டும் மறச்சீங்களா?"

"அம்மா, அந்தக் காலத்துல எல்லாருமே..."

அவர் முடிப்பதற்குள் அம்மா நகத்தைக் கொடுத்து அந்தக் கறுப்பு நாடாவை உரித்தாள். பதினெட்டு வருடப் பசை. ஒரு பக்கம் படத்தின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கண் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மற்றக் கண் தப்பியிருந்தது. அது கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, கைக்கு உரிய ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டர் படத்தை விரல் நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார். ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, வெற்றாக இருந்த இடத்தில் 'கழிக்கப்பட்டது' என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதுபோல்.

"பாடத்துக்கு வேற படம் கிடைக்கும்" என்றார் தனக்குத்தானே.

ஆல்பம் திறந்தே இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னும் நான்கு படங்கள். நான்கிலும் கறுப்பு நாடா.

"இவங்க?" என்றாள் அக்கா.

அவர் ஆல்பத்தை மூடினார்.

வெளியே குழாயடியில் அம்மா கையைக் கழுவத் தொடங்கினாள். கழுவினாள், கழுவினாள், சுண்டுவிரல் சிவந்துபோகும்வரை கழுவினாள்.

"விடும்மா, தோல் உரியப் போகுது" என்றேன்.

"நீ திமிறினடி" என்றாள் அம்மா, அக்காவைப் பார்க்காமல். "மீன் மாதிரி திமிறின. அப்பவும் நான் விடல."

"ஆமா" என்றாள் அக்கா. "வலிச்சுது."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், ஆனால் அவள் குழாயை மூடிவிட்டுக் கடைக்கு நடந்தாள். அம்மா ஈரக்கையோடு ஆலைக்குப் போனாள்.

குட்டி டாக்டர் வாசலில் காத்திருந்தான். பின்னால் அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர். முதலாளி நாக்கும் விரலுமாக எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா பதினேழாம் நம்பரை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டைக் கிழித்து, கத்தியால் நாலாக வெட்டிக் குப்பையில் போட்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்று கத்தினார் முதலாளி. "பைத்தியமா உனக்கு?"

"அதுல இருக்கறது நான்தான்ண்ணே. ஒம்பது வயசுல. யாரும் என்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன். இனிமே இந்தக் கடைல அது வராது."

முதலாளியின் விரல் பாதி வழியில் நின்றது. நாக்கு வெளியே அப்படியே இருந்தது. காலையில் தான் அடித்த நகைச்சுவை அவருக்கு நினைவு வந்ததா என்று தெரியவில்லை. மாணவர்களில் ஒருவன் இன்னொருவனின் விலாவில் இடித்தான். குட்டி டாக்டர் காதுவரை சிவந்து, செருப்பைப் பார்த்தபடி, "எனக்கு அந்தப் பக்கம் இல்லாமலே போதும்க்கா" என்றான். மற்றவர்கள் எதிர்க் கடைக்கு நடந்தார்கள். அங்கேயும் அந்தக் கறுத்த பக்கம் இருக்கும். அதை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் முதலாளியின் மேசையில் புதிதாக ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே தண்ணீரில் நனைத்த பஞ்சு. அக்கா தொட்ட தாளைத் தொடுவதற்கு முன் விரலை அதில் ஒற்றிக்கொண்டார். நாக்குப் பக்கமே கொண்டுபோகவில்லை. அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டார். அவளை வேலையைவிட்டு அனுப்ப மட்டும் மனம் வரவில்லை. அவள் போனால் கடை படுத்துவிடும்.

எச்சிலைப் பூசிய மனிதருக்கு இத்தனை நாள் வராத அருவருப்பு இப்போது வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பஞ்சைத் தூக்கி அவர் முகத்தில் எறியத் தோன்றியது. அக்காவோ என் காதில், "ஆறு வருஷமாத் திருந்தாத ஆளு, ஒரே நாள்ல சுத்தமாயிட்டாரு பாரு" என்றாள். சொல்லிவிட்டு அந்தத் தனி டம்ளரை எடுத்து அவர் குடத்திலேயே முக்கிக் குடித்தாள்.

இப்போது அக்கா வேகமாக வேலை செய்வதில்லை. ஒவ்வொரு தாளையும் முழுதாகப் பார்க்கிறாள். வரிசை சாலைவரை நீள்கிறது. "அக்கா, வகுப்புக்கு நேரமாச்சு, சும்மா போடுங்க" என்று கத்துகிறார்கள். போன வாரம் இருபத்து மூன்றாம் நம்பரில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். ஒரு படம். கண்ணில் கறுப்புப் பட்டை. தோளில் யாருடைய கையோ. அந்தத் தாளை மட்டும் உருவி மேசைக் கண்ணாடிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றதைத் துளை போட்டு நீட்டினாள்.

"ஒரு பக்கம் கொறையுதுக்கா" என்றாள் வாங்கிய மாணவி.

"கொறையும். அதுல இருக்கறவங்களக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களான்னு உங்க டாக்டரக் கேட்டுட்டு வா. நான் இங்கயேதான் இருப்பேன்."